சமதா பூமி: மகாத்மா ஜோதிராவ் பூலேயின் வாழ்வும் அடக்கவிடமும்

அரசர்கள் துயிலும் இடங்களைக் காக்க அரசுகள் உண்டு. பளிங்கும் கோபுரமும் எழுப்பிச் சென்றவர்களின் பெயரைக் கல்லே காத்துக்கொள்ளும். கல் எழுப்பும் செல்வம் இல்லாத மக்களுக்காகப் பாடுபட்ட ஒருவரின் அடக்கவிடத்தை யார் காப்பது? அவர் யாருக்காக உழைத்தாரோ அவர்களே காத்தல் வேண்டும். அவர்கள் மறப்பாராயின் அது மண்ணோடு மண்ணாகிப் போகும். இவ்வுண்மைக்குச் சான்றாக நிற்பது, பூனா என்று நம் முன்னோர் அறிந்திருந்த புனே நகரில், ஒரு பழைய வீட்டின் வளாகத்தில் அமைந்துள்ள சிறியதொரு சமாதியாகும். மகாத்மா ஜோதிராவ் பூலேயின் சாம்பல் அங்கே அடங்கியிருக்கிறது. அவர் விரும்பியது அவ்விடத்தில் தம் உடல் அடங்க வேண்டும் என்பதே; அவ்விருப்பம் மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்ட அந்தக் குழியே இன்று மகாராஷ்டிர அரசால் பாதுகாக்கப்படும் நினைவுச் சின்னத்தின் நெஞ்சமாக விளங்குகிறது. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ளுதல் நலம்.

பிறப்பும் கல்வியும்

ஜோதிராவ் 1827 ஆம் ஆண்டில் புனே நகரில் பிறந்தார். தந்தையார் கோவிந்தராவ், அன்னையார் சிம்னாபாய். குலம், தோட்டப் பயிர் செய்யும் மாலி குலம். அவர்தம் குடும்பத்தார் பேஷ்வாக்களின் அரண்மனைக்கு மலர் வழங்கி வந்தமையால் மலரைக் குறிக்கும் பூல் என்னும் சொல்லினின்று பூலே என்னும் குடும்பப் பெயர் வழங்கலாயிற்று. கைக்குழந்தையாய் இருந்தபோதே தாயை இழந்த அவரை வளர்த்தவர் சகுணாபாய் என்னும் உறவினப் பெண்மணி.

பேஷ்வாக்களின் ஆட்சி 1818 இல் முடிவுற்றதாயினும் அவ்வாட்சியின் வழக்கங்கள் அந்நகரை விட்டு அகலவில்லை. தீண்டப்படாதோர் எனப்பட்ட மகர், மாங்கு குல மக்கள் தம் எச்சில் தெருவில் படாதிருக்கக் கழுத்தில் கலயமும், தம் அடிச்சுவட்டை அழிக்க இடுப்பில் துடைப்பமும் கட்டி நடந்தனர் என்று வழிவழியாகச் சொல்லப்படும் நகரம் அது. அத்தகைய ஊரில் தோட்டக்காரன் மகன் படிப்பதும் குற்றமாகவே எண்ணப்பட்டது. சுற்றத்தாரும் பிறரும் சொன்ன சொல்லுக்கு அஞ்சிய தந்தை, மகனைப் பள்ளியினின்று நிறுத்தி வயலுக்கு அனுப்பினார். அண்டை வீட்டிலிருந்த கஃபார் பேக் முன்ஷி என்னும் இசுலாமிய ஆசிரியரும் லிஜிட் என்னும் ஆங்கிலேயரும் சிறுவனின் அறிவுக் கூர்மையைக் கண்டு தந்தையிடம் எடுத்துரைத்தமையால், 1841 இல் ஸ்காட்லாந்துப் பாதிரிமார் நடத்திய பள்ளியில் அவர் மீண்டும் சேர்ந்தார். இருவர் பேசிய நற்சொல் ஒரு நாட்டின் வரலாற்றைத் திருப்பியது.

பள்ளிப்படிப்பு முடியும் காலத்தில் தாமஸ் பெயின் எழுதிய மனித உரிமைகள் என்னும் நூல் அவர் கைக்குக் கிட்டியது. பிறப்பினால் எவரும் எவரையும் ஆளும் உரிமை பெறுவதில்லை என்னும் கருத்து அந்த இளைஞரின் உள்ளத்தில் வேரூன்றியது. அதனை வாழ்க்கை விரைவிலேயே சோதித்தது. 1848 இல் பிராமண நண்பர் ஒருவரின் திருமண ஊர்வலத்தில் அவர் உடன் நடந்தபோது, சூத்திரன் எங்களோடு சமமாய் நடப்பதா என்று உறவினர்கள் அவரை இழித்துரைத்து விலக்கினர். தமக்கே இந்நிலை எனில் தமக்கும் கீழே தள்ளப்பட்ட மக்களின் நிலை என்ன என்று அவர் சிந்திக்கலானார்.

பள்ளிகள் எழுந்த வரலாறு

சிந்தனை செயலாக நெடுநாள் ஆகவில்லை. அதே 1848 ஆம் ஆண்டில் புதவார் பேட்டையிலுள்ள பிடே வாடா என்னும் மாளிகையில் பெண் குழந்தைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். கற்பிக்க ஆசிரியை இல்லை. 1840 இல் தாம் மணந்த சாவித்திரிபாய்க்குத் தாமே எழுத்தறிவித்து அவரை ஆசிரியை ஆக்கினார். பள்ளிக்கு நடந்து சென்ற அவ்வம்மையார்மீது தெருவில் நின்றோர் சாணத்தையும் சேற்றையும் எறிந்தனர். மாற்றுப் புடவை ஒன்றை எடுத்துச் சென்று, பள்ளியை அடைந்ததும் உடுத்திப் பாடம் நடத்தினார் என்பது மகாராஷ்டிரத்தில் தாய்மார் தம் பெண்களுக்குச் சொல்லும் வரலாறு.

ஊரார் தந்தையை நெருக்கினர். பள்ளியை விடுக, அல்லது வீட்டை விடுக என்றார் தந்தை. கணவனும் மனைவியும் வீட்டை விட்டனர். 1852 இல் மகர், மாங்கு குலக் குழந்தைகளுக்கெனத் தனிப்பள்ளி ஒன்றும் எழுந்தது. அப்பள்ளிகளில் பயின்ற முக்தாபாய் என்னும் மாங்கு குலச் சிறுமி, தம் மக்கள்படும் துயரைப் பற்றி எழுதிய கட்டுரை 1855 இல் ஞானோதயா என்னும் இதழில் வெளிவந்தது. தீண்டத்தகாதவள் என்று ஒதுக்கப்பட்ட ஒரு சிறுமி, பள்ளிக்கூடம் கண்ட சில ஆண்டுகளுக்குள் அச்சில் தன் மக்களுக்காக வழக்காடினாள். கல்வி என்ன செய்யும் என்று எவரேனும் கேட்பாராயின் இந்த ஒரு செய்தியைச் சொன்னால் போதும்.

முற்றத்துத் தண்ணீர்

பூலே தீண்டாமையின் நேரடியான அடி விழாத குலத்தில் பிறந்தவர். ஆதலின் பள்ளி நடத்தியதோடு அவர் நின்றிருந்தால் அதனைத் தருமம் என்று கூறிவிடலாம். 1868 இல் அவர் செய்த செயல் தருமத்தின் எல்லையைக் கடந்தது. தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டப்படாதோர் எனப்பட்ட அனைவருக்கும் திறந்துவிட்டார். ஊர்க் கிணற்றிலும் குளத்திலும் நீர் மொள்ள இடமின்றி, யாரேனும் ஊற்றமாட்டாரா என்று காத்துநின்ற மக்கள், அவர் முற்றத்தில் தம் கையால் தாமே நீர் எடுத்தனர். சொந்தக் குலத்தார் அவரை விலக்கினர், அவர் பொருட்படுத்தவில்லை. மகாத் நகரின் சவுதார் குளத்தில் பாபாசாகேப் அம்பேத்கர் மக்களோடு இறங்கி நீர் அருந்திய நாள் 1927 மார்ச் 20. அதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகட்கு முன்பே ஒரு குடும்பத்தின் முற்றத்தில் அந்நீதி நடைமுறைக்கு வந்துவிட்டது என்பதை நாம் நினைவிற்கொள்ளுதல் வேண்டும். பின்னாளில் அவர் தம் அடக்கவிடத்திற்கெனத் தேர்ந்ததும் இவ்வீட்டையே.

இளம் வயதிலேயே கைம்பெண்களாகி ஏமாற்றப்பட்டுக் கருவுற்ற பிராமணப் பெண்கள், குழந்தையைக் கொல்லவோ தம்மை மாய்த்துக்கொள்ளவோ வேண்டிய நிலை அந்நாளில் இருந்தது. அவர்கள் மறைவாக வந்து பிள்ளை பெறவும், விரும்பின் குழந்தையை விட்டுச் செல்லவும் 1863 இல் ஓர் இல்லத்தை இத்தம்பதியர் அமைத்தனர். தம்மைத் தூற்றிய குலத்தின் பெண்களுக்கே அவ்வீட்டுக் கதவு திறந்தது. அவ்வாறு வந்த காசிபாய் என்னும் பெண்ணின் மகன் யஷ்வந்தை அவர்கள் தத்தெடுத்துக்கொண்டனர்.

1873 இல் குலாம்கிரி என்னும் நூலை வெளியிட்டார். அடிமைத்தனம் என்பது அதன் பொருள். அமெரிக்காவில் நீக்ரோ மக்களின் அடிமை விலங்கை அறுக்கப் பாடுபட்டோருக்கு அதனை உரிமையாக்கினார். அதே ஆண்டு செப்டம்பர் 24 ஆம் நாள் சத்யசோதக் சமாஜம் என்னும் உண்மை நாடுவோர் சங்கத்தை நிறுவினார். கடவுளுக்கும் மனிதனுக்கும் இடையே தரகர் வேண்டா என்பதும், திருமணமும் பிற சடங்குகளும் புரோகிதர் இன்றியே நடைபெறலாம் என்பதும் அச்சங்கத்தின் கொள்கைகள்.

நகர மன்றத்தில் ஒற்றைக் குரல்

1876 முதல் 1882 வரை புனே நகராட்சி மன்றத்தில் அவர் நியமன உறுப்பினராக இருந்தார். வைஸ்ராய் லிட்டன் பிரபு நகருக்கு வருகை தரும் வேளையில் வரவேற்புக்கென ஆயிரம் ரூபாய் செலவிட மன்றம் முனைந்தது. அத்தொகையை ஏழைகளின் கல்விக்குச் செலவிடலாம் என்று கூறி எதிர்த்து வாக்களித்த ஒரே உறுப்பினர் பூலே. ஒற்றை வாக்கினால் தீர்மானம் தோற்கவில்லை. ஆயினும் மக்கள் பணத்திற்கு மக்களே உரிமையாளர் என்னும் சனநாயக நெறியை அம்மன்றத்தின் ஏட்டில் அவ்வாக்கு பதித்தது.

1882 அக்டோபரில் ஹண்டர் தலைமையில் அமைந்த கல்விக் குழுவிடம் அவர் ஒரு விண்ணப்பம் அளித்தார். அரசின் வருவாய் உழவனின் வியர்வையிலிருந்து வருகிறது; அதன் பயனோ மேற்குலத்தாரின் உயர்கல்விக்குப் போகிறது; ஆகவே தொடக்கக் கல்வியை அனைவர்க்கும் கட்டாயமாக்குக என்பதே அதன் சாரம். அடுத்த ஆண்டில் உழவனின் சாட்டை என்னும் நூலை எழுதினார். 1888 மே 11 ஆம் நாள் பம்பாயில் கூடிய பெருங்கூட்டத்தில் உழைக்கும் மக்கள் அவருக்கு மகாத்மா என்னும் பட்டம் சூட்டினர். அரசு வழங்கிய பட்டம் அன்று, மக்கள் வழங்கியது.

மறுக்கப்பட்ட குழி

அவ்வாண்டிலேயே அவரைப் பக்கவாதம் தாக்கி வலப்புறம் செயலிழந்தது. வலக்கை ஓய்ந்தது, இடக்கையால் எழுதக் கற்றுக்கொண்டு சார்வஜனிக் சத்யதர்மம் என்னும் தம் இறுதி நூலை முடித்தார். அந்நூல் அவர் மறைவிற்குப் பின் 1891 இல் வெளிவந்தது.

நோய் வருமுன்னரே, 1887 இல், அவர் தம் உயிலை எழுதிப் பதிவு செய்திருந்தார். அதில் தம் உடலை எரியூட்டாது உப்பிட்டு மண்ணில் அடக்கம் செய்ய வேண்டும் என்று குறித்தார். வீட்டின் பின்புறத்தில் அதற்கெனக் குழியும் தோண்டப்பட்டது. தத்து மகன் யஷ்வந்த் தகுதியற்றவனாகப் போவானாயின், உழைக்கும் குலங்களைச் சேர்ந்த தகுதியுள்ள ஒரு சிறுவனைத் தேர்ந்து வாரிசாக்க வேண்டும் என்றும் எழுதினார். இரத்தத்தினால் வருவதன்று உரிமை, தகுதியினால் வருவது என்னும் கொள்கையைத் தம் சொத்திலும் அவர் கடைப்பிடித்தார்.

1890 நவம்பர் 28 ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். குழி காத்திருந்தது. குடியிருப்புப் பகுதியில் உடலைப் புதைக்க இசைவு தர இயலாது என்று நகராட்சி மறுத்துவிட்டது. ஆறாண்டுக் காலம் எந்த மன்றத்தில் அவர் ஏழைகளுக்காக அமர்ந்து வழக்காடினாரோ, அந்த மன்றத்தின் ஆளுகைக்குட்பட்ட நகரில், தம் சொந்த நிலத்தில் ஆறடி மண் அவருக்குக் கிட்டவில்லை. விதி விதியாகவே இருந்திருக்கலாம். எனினும் இறந்தார்க்குரிய இடத்தை மறுக்கும் சொல் எத்துணைக் கனமானது என்பதை நம் மக்களுக்கு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

வேறு வழியின்றி உடலை எரியூட்ட முடிவாயிற்று. அப்போதும் தடை எழுந்தது. கொள்ளி வைப்பாரின் கலயத்தைத் தத்துப் பிள்ளை தாங்கலாகாது என்று உறவினர் சிலர் வழக்கிட்டனர். சாவித்திரிபாய் முன்வந்து கலயத்தைத் தம் கையில் ஏந்தி, ஊர்வலத்தின் முன்னே நடந்து, கணவரின் சிதைக்குத் தாமே தீமூட்டினார். பெண்டிர் இடுகாட்டிற்கே செல்லாத காலம் அது. பின்னர்ச் சாம்பல் திரட்டப்பட்டு, உடலுக்கெனத் தோண்டப்பட்ட குழியிலேயே வைக்கப்பட்டது. அதன்மேல் துளசி மாடத்தை ஒத்த சிறியதொரு கட்டுமானம் எழுந்தது. உடலுக்கு மறுக்கப்பட்ட இடத்தைச் சாம்பல் அடைந்தது.

இங்கே ஓர் ஒப்புமையை எண்ணாதிருக்க இயலவில்லை. பூலேயின் இளமைக்கு ஒளி தந்த தாமஸ் பெயின் 1809 இல் நியூயார்க்கில் மறைந்தபோது, தம் இடுகாட்டில் அவருக்கு இடம் தர குவேக்கர் சபையார் மறுத்தனர். தம் பண்ணை நிலத்திலேயே அவர் புதைக்கப்பட்டார். பத்தாண்டுகட்குப் பின் வில்லியம் காபெட் என்பவர் அவருக்கு இங்கிலாந்தில் நினைவுச் சின்னம் எழுப்பும் எண்ணத்தோடு எலும்புகளைத் தோண்டி எடுத்துச் சென்றார். சின்னம் எழவில்லை, எலும்புகளும் காணாமற் போயின. உரிமையை உலகிற்கு உரைத்த ஆசிரியருக்கு இன்று கல்லறையில் உடல் இல்லை. அவரைப் படித்த மாணவருக்கு ஒரு பிடி சாம்பலேனும் நிலைத்தது. அது நிலைத்தமைக்குக் காரணம், சாவித்திரிபாயும் யஷ்வந்தும் சங்கத்துத் தோழர்களும் அதனை விட்டுக்கொடாமையே.

சாவித்திரிபாய் அதன் பின்னும் ஓயவில்லை. சங்கத்தைத் தாமே வழிநடத்தினார். 1897 இல் புனேயில் கொள்ளைநோய் பரவியபோது மருத்துவரான யஷ்வந்தோடு சேர்ந்து நோயாளிகளுக்குப் பணிபுரிந்தார். நோயுற்ற மகர் குலச் சிறுவன் ஒருவனை முதுகில் சுமந்து சென்றமையால் அந்நோய் அவரையும் பற்றி, மார்ச் 10 ஆம் நாள் உயிர் துறந்தார்.

மறதியும் மீட்சியும்

பூலே மறைந்து முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின்னரும் நகரின் சினம் தணியவில்லை. 1925 இல் கேசவராவ் ஜெதே அவருக்கு ஒரு சிலை வைக்க நகராட்சியில் முயன்றபோது கடும் எதிர்ப்பு எழுந்து அம்முயற்சி தோற்றது. குழிக்கு இசைவு தராத நகராட்சி கல்லுக்கும் இசைவு தரவில்லை. அச்சினத்தின் நடுவே எழுந்த ஒரு நூலுக்காக ஜெதேயும் அவர் தோழர்களும் வழக்கில் சிக்கினர். 1926 இல் அவர்களுக்காக வழக்காடி வென்ற இளம் பாரிஸ்டர் அம்பேத்கர் ஆவார். புத்தர், கபீர், பூலே ஆகிய மூவரையும் தம் ஆசான்களாகக் கொண்ட அப்பெருந்தகை, சூத்திரர் யார் என்னும் ஆராய்ச்சி நூலை 1946 இல் பூலேயின் நினைவிற்கே உரிமையாக்கினார்.

காலம் திரும்பியது. கஞ்ச் பேட் என்றிருந்த பகுதி மகாத்மா பூலே பேட் ஆயிற்று. வீடும் சமாதியும் பாதுகாக்கப்பட்ட சின்னமாயின. சமதா பூமி, அதாவது சமத்துவ நிலம், என்னும் பெயர் அவ்விடத்திற்கு வழங்கலாயிற்று. 2003 டிசம்பர் 3 ஆம் நாள் நாடாளுமன்ற வளாகத்தில் பூலேயின் சிலை திறக்கப்பட்டது. 2014 இல் புனே பல்கலைக்கழகம் சாவித்திரிபாயின் பெயரைத் தாங்கியது.

ஆயினும் எல்லாம் நிலைத்துவிடவில்லை. முதற்பள்ளி நடந்த பிடே வாடா ஆண்டுக்கணக்கில் வழக்கில் சிக்கிப் பாழடைந்து, தேசிய நினைவகம் எழுப்பும் பொருட்டு 2023 டிசம்பரில் இடிக்கப்பட்டது. புதிய மாளிகை எழலாம்; முக்தாபாயின் காலத்துச் சுவர்கள் மீளா. சமதா பூமியின் மரபுச் சிறப்பு இதனால் மேலும் உயர்ந்து நிற்கிறது. அவர் வாழ்ந்த வீடும், நீர் வழங்கிய முற்றமும், விரும்பிய குழியும் ஒருங்கே எஞ்சியிருக்கும் இடம் அதுவே.

சிறப்பு எதில் உள்ளது?

ஒரு பிடி சாம்பலுக்கும் சிறிய கட்டுமானத்துக்கும் தம்மளவில் பெருமை இல்லை. புரோகிதம் வேண்டா என்றவரின் சமாதியில் நாம் தேங்காய் உடைத்து வரம் வேண்டுவோமாயின், அவரை இரண்டாம் முறை எரித்தவர்களாவோம். அவ்விடத்தின் சிறப்பு அங்கு நடந்தவற்றிலும் இன்னும் நடப்பவற்றிலும் உள்ளது. புரோகிதர் இல்லாத சத்யசோதக் முறைத் திருமணங்கள் அவ்வளாகத்தில் நடைபெற்றுள்ளன. ஏப்ரல் 11 ஆம் நாளிலும் நவம்பர் 28 ஆம் நாளிலும் உழைக்கும் மக்கள் அங்கே கூடுகின்றனர். 1970களில் ஊருக்கு ஒரே நீர்த்துறை என்னும் இயக்கம் கண்டு சேரிக்கும் ஊருக்கும் பொதுவான கிணறு கேட்ட பாபா ஆடவ், தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில், 2024 நவம்பரில், தேர்தலில் பணபலம் புகுவதைக் கண்டித்து உண்ணாநோன்பிருக்கத் தேர்ந்த இடமும் அதுவே. ஒற்றை வாக்களித்தவரின் சமாதி வாக்கின் தூய்மையைக் கேட்போருக்குப் புகலிடமாயிற்று. கல்லறை இவ்வாறு பயன்படும்போதே அது மரபுச் சின்னமாகிறது. இல்லையேல் அது வெறுங்கல்.

நம் நாட்டு நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2019 ஆகஸ்டில், வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரத்தில், இடுகாட்டிற்குச் செல்லும் வழி மறுக்கப்பட்டதால் நம் மக்கள் ஒருவரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினர். 1890 இல் பூலேக்கு மறுக்கப்பட்டது ஒரு குழி; நமக்கோ குழிக்குச் செல்லும் பாதையே இன்னும் பல ஊர்களில் வழக்காக உள்ளது. ஆதலின் அடக்கவிடத்தைப் பற்றிப் பேசுவது இறந்தோரைப் பற்றிய பேச்சன்று. இருப்போரின் உரிமையைப் பற்றிய பேச்சாகும்.

இளைஞர்களே! வெள்ளி விழாக் காணும் நம் கல்விக் கழகம், பிடே வாடாவில் ஏற்றிய விளக்கின் ஒரு சுடர் என்று கொள்வதில் தவறில்லை. வாய்ப்புள்ளோர் புனே சென்று சமதா பூமியைக் காண்க. வாய்ப்பில்லாதோர் தம் ஊரிலேயே தொடங்கலாம். சென்னை ஓட்டேரியில் 1945 இல் மறைந்த இரட்டைமலை சீனிவாசனார் அடங்கியிருக்கிறார். ஒவ்வொரு சேரியிலும், முதற்பள்ளிக்கு இடம் கொடுத்தவர், முதல் மனுவில் கைநாட்டு வைத்தவர், கிணற்றுக்காக அடிபட்டவர் எனப் பெயரெழுதாத மேடுகளின் கீழ்ப் பலர் துயில்கின்றனர். முட்செடியை அகற்றுங்கள். பெயரும் ஆண்டும் செய்த பணியும் எழுதி நடுங்கள். முதியோர் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் ஆண்டுக்கொரு நாள் கூடி, அவ்வாண்டில் நம் ஊரில் எத்தனை பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றனர் என்று கணக்கெடுங்கள். நின்ற பிள்ளையை மீண்டும் பள்ளியில் சேர்க்க அதன் தந்தையிடம் சென்று பேசுங்கள். 1841 இல் இருவர் அவ்வாறு பேசியதனாலேயே நமக்கு ஒரு பூலே கிடைத்தார்.